சாய்த்துக் குத்திய கத்தரிக்காய்

எகிப்தின் மன்சூரா நகரில் டியூஷன் வாத்தியார் ஷுக்ரியின் படம் இல்லாத சுவரே கிடையாது. கோட்டு மாட்டி, கையைக் கட்டி நிற்பார். கீழே 'இயந்திரவியலின் சுல்தான்' என்று போட்டிருக்கும். பட்டம் அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்டது. அதனால் என்ன, இந்த ஊரில் டியூஷன் வாத்தியார்கள் எல்லாரும் அப்படித்தான்.

போன வருஷம் நிர்மீன் என்று ஒருத்தி டியூஷன் ஆரம்பித்தாள். படமும் இல்லை, பட்டமும் இல்லை. ஆனாலும் எஞ்சினியரிங் பிள்ளைகள் அங்கே ஓடினார்கள். ஷுக்ரியின் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"அவங்க நடத்துனா புரியுதாம், உஸ்தாத்," என்றான் டீக்கடை மஹ்ரூஸ், வேண்டுமென்றே.

"புரிஞ்சு என்னய்யா கிழிக்கப் போறானுங்க? நிலைமத் திருப்புத்திறன் டென்சார்னா ஒன்பது எண்ணு. கட்டம் போட்டு மனப்பாடம் பண்ணா மார்க்கு விழும்!"

"சரி சரி. டீயில இன்னும் சீனியே போடல, எதைக் கிண்டுறீங்க?"

மறுநாள் ஷுக்ரி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நிர்மீன் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எல்லார் முன்னாலும் அவளை மடக்க ஒரு கேள்வி வைத்திருந்தார்: ஒரு பொருளைச் சுற்றுவது எவ்வளவு கடினம் என்று சொல்ல ஒரு எண் போதாதா, எதற்கு ஒன்பது? அதற்கு அவருக்கே பதில் தெரியாது.

அவர் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் ஒரு பெண் அதையே கேட்டாள். நூலகம் போவதாகச் சொல்லிவிட்டு வந்த அவருடைய மகள் மஹிதாப்.

"எங்கப்பாகிட்ட கேட்டா, 'வாய மூடிட்டு எழுது'ங்கறார், மிஸ்."

வகுப்பே சிரித்தது. ஷுக்ரிக்குக் காது சுட்டது.

நிர்மீன் ஒரு கத்தரிக்காயில் கபாப் கம்பியை நீளவாக்கில் குத்தி நீட்டினாள். "சுத்து."

மஹிதாப் சுற்றினாள். கம்பி அமைதியாகச் சுழன்றது.

இன்னொரு காயில் அதே நடுப்புள்ளி வழியாக, ஆனால் சாய்வாகக் குத்திக் கொடுத்தாள்.

"ஐயோ, கைய உதறுது, மிஸ்!"

"எடை நடுவுலதான் இருக்கு. ஆனா நீ ஒரு அச்சுல சுத்த, அது வேற பக்கம் இழுக்குது. அந்த இழுப்பையும் சொல்லணும்ல? அதுக்குத்தான் மத்த எண்ணெல்லாம். காய்க்கு ஏத்த மூணு அச்சைப் பிடிச்சா மூணே எண்ணு போதும், மிச்சமெல்லாம் பூஜ்யம்."

இத்தனை வருஷம் வெறும் கட்டமாகக் கிடந்தது ஷுக்ரியின் தலைக்குள் சுழல ஆரம்பித்தது. கூடவே பொறாமையும். ஒரு கத்தரிக்காய்! தன் வீட்டுச் சமையலறையிலும்தானே கிடந்தது, பாழாய்ப்போன தனக்கு ஏன் தோன்றவில்லை?

"புரிஞ்சவங்க கை தூக்குங்க," என்றாள் நிர்மீன். பிறகு சிரித்தாள். "அட, கடைசி பெஞ்சுப் பெரியவருக்கும் புரிஞ்சிடுச்சு!"

எல்லாத் தலைகளும் திரும்பின, மஹிதாபின் தலையும். தன் கை உயர்ந்திருப்பதை ஷுக்ரி அப்போதுதான் பார்த்தார்.