அம்மா எடை போக மீதி

அன்பரசிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத மாணவி அந்த நர்சிங் கல்லூரியில் கிடையாது. வேடந்தாங்கல் பக்கத்தில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவள். நர்ஸாக வேலை பார்த்து, வாத்தியாரம்மாவாகி, நாற்பது தாண்டிய பிறகு ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டாள். "இந்த வயசுல இன்னா படிப்பு?" என்று அண்ணன் கேட்டதற்கு, "இந்த வயசுல இன்னா குடின்னு நான் உன்னைக் கேட்டனா?" என்றாள். அண்ணன் அதற்கப்புறம் படிப்பைப் பற்றிப் பேசவில்லை.

வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் எடையும் உடல்நலமும்தான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். நடக்க முடியாத பிள்ளை, மெல்லத் தெரியாத பிள்ளை, வயிறு நிறைந்தாலும் போதும் என்று சொல்லத் தெரியாத பிள்ளை. இதில் எது இளைக்கிறது, எது ஊதுகிறது, ஏன் என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை என்பது அவள் ஆதங்கம். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் போகிற வழியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பகல்நேர மையம் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவாள்.

நிற்க முடியாத பிள்ளையை எடை போடுவதற்கு ஒரு வழி உண்டு. அம்மா தனியாக மெஷினில் ஏற வேண்டும். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். இதில் அதைக் கழித்தால் மீதி பிள்ளை. வம்பு அங்கேதான் வந்தது. மையத்து ஆயா வரலட்சுமிக்குத் தொண்டை பெரிது. முதல் நாளே ஒரு தாயின் எடையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எம்பத்தி ஏழு" என்று படித்தாள். வரிசை கொல்லென்று சிரித்தது. அந்தத் தாய் அடுத்த மாதம் வரவில்லை, அவள் பிள்ளையும் வரவில்லை.

அன்பரசிக்கு மனசு கேட்கவில்லை. மற்ற தாய்மார்களிடம், "உங்க எடைய இனிமே யாரும் கேக்க மாட்டாங்க. மொத தடவ எடுத்ததே போதும்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாதாமாதம் பிள்ளையோடு ஏறுகிற எடை மட்டும்தான். கழிப்பது அந்தப் பழைய எடையை. "சிஸ்டர் நம்ம மானத்தக் காப்பாத்திட்டாங்க" என்று எல்லோருக்கும் சந்தோஷம். வளர்ந்த பொம்பளையின் எடை மாதத்துக்கு மாதமா மாறப்போகிறது என்று அன்பரசியும் நினைத்துக்கொண்டாள்.

அந்தத் தாய்மார்களில் ஒருத்தி ஷாரோன். புருஷன் ஸ்டான்லி மாமல்லபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரே பிள்ளை சாம், ஒன்பது வயது, மூளை வாதம். கால்கள் பின்னிக்கொள்ளும், கழுத்து நிற்காது. ஆனால் மீன் குழம்பு வாசனை வந்தால் போதும், முகமெல்லாம் வாயாகச் சிரிப்பான். முதல் மாதம் பதினேழு கிலோ இருந்தான். அடுத்த முறை ஒரு கிலோ இறங்கியிருந்தான். அந்த மாதம் ஷாரோன்தான் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள்.

"புள்ளைக்கு இன்னா குடுக்கற நீ?" அன்பரசியின் மூக்கு சிவந்துவிட்டது.

"கஞ்சி, முட்ட, மீனு எல்லாம் மசிச்சி ஊட்டிகினுதான் கீறேன் சிஸ்டர்."

"ஊட்டினா ஏன் எறங்குது? இன்னும் குடு. நெய் சேரு."

ஷாரோன் கொடுத்தாள். தன் தட்டில் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்தாள். சபையில் ஒரு பொருத்தனையும் பண்ணிக்கொண்டாள். சாமுக்கு எடை ஏறுகிற வரைக்கும் வாரத்தில் மூன்று நாள் உபவாச ஜெபம், பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும். அதை அன்பரசியிடம் சொல்லியும் வைத்தாள். "அது உன் விசுவாசம், நான் குறுக்க வரல. புள்ளைய மட்டும் பட்டினி போட்றாத" என்றாள் அன்பரசி.

எடை இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு மாதமும் திட்டு விழுந்தது. ஒவ்வொரு திட்டுக்கும் உபவாச நாள் ஒன்று கூடியது. "தூக்க முடியல சிஸ்டர், கனக்கறான்" என்று ஷாரோன் ஒருநாள் சொன்னபோது, அலுப்பில் சொல்கிறாள் என்று அன்பரசி விட்டுவிட்டாள். சாமின் கன்னம் உப்பியிருப்பதைக் கவனிக்காமல் இல்லை. சத்துக் குறைந்து நீர் கோத்துக்கொண்டதோ என்று பாதத்தை அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை, அது நீர் இல்லை. அப்போதும் கணக்கைத்தான் நம்பினாள்.

சாமின் எடை பதினாலு கிலோவுக்கு வந்ததும் அன்பரசி பயந்துபோனாள். செங்கல்பட்டில் ஒரு குழந்தை டாக்டரிடம் ஓடினாள். எடை இப்படி இறங்கினால் வாய்வழியாகக் கொடுப்பது போதாது, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும், பிள்ளையைக் கொண்டுவந்து சேருங்கள் என்றார் அவர்.

"அப்போ வாயால ஒண்ணும் கெடையாதா சிஸ்டர்?" எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன ஸ்டான்லி ஆட்டோ ஓட்டியபடியே கேட்டான். "அவனுக்குத் தெரிஞ்ச சந்தோசம் அது ஒண்ணுதான்."

வார்டில் நாற்காலி வைத்த எடை மெஷின் இருந்தது. சாமைச் சாய்த்து உட்காரவைத்துப் பட்டையைக் கட்டினார்கள். இருபத்தொன்று என்று காட்டியது.

"மிஷின் ரிப்பேர்" என்றாள் அன்பரசி. சாமை இறக்கிவிட்டு அவளே உட்கார்ந்து பார்த்தாள். காலையில்தான் வீட்டில் எடை பார்த்திருந்தாள். இம்மி பிசகாமல் அதையே காட்டியது.

சாமைப் பார்த்தாள். கொழுகொழுவென்று இருந்தான். இத்தனை மாதமும் இப்படித்தான் இருந்திருக்கிறான். பிறகு மெல்லத் திரும்பி ஷாரோனைப் பார்த்தாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் ஊசி குத்தியிருந்தது. வளையல் முழங்கைவரை ஏறிக் கிடந்தது. மாதாமாதம் எதிரே நின்ற பெண்ணைத் தான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்று அன்பரசிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஷாரோன், நீ ஒக்காரு."

"நான் எதுக்கு சிஸ்டர்?"

"ஒக்காருன்றேன்."

முதல் சனிக்கிழமை ஐம்பத்திரண்டு இருந்தவள், இப்போது நாற்பத்தைந்து. மாதாமாதம் கழித்ததோ அந்தப் பழைய ஐம்பத்திரண்டை. இறங்கியது முழுக்க அவள். பிள்ளை ஒரு மாதம்கூட இறங்கவில்லை. அவள் வாயைக் கட்டக் கட்டக் கணக்கில் பிள்ளை இளைத்தான், பிள்ளை இளைக்க இளைக்க அவள் வாயைக் கட்டினாள். நடுவில் நின்று விரட்டியது அன்பரசி. வேலியே பயிரை மேய்ந்த கதை.

எல்லாவற்றையும் சொன்னாள். தன் வழக்கத்தை, தன் தப்பை, ஒன்றும் விடாமல் சொன்னாள். ஸ்டான்லி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஷாரோன் திட்டுவாள், அழுவாள் என்று அன்பரசி காத்திருந்தாள்.

"அப்போ கொழா வேணாமா?"

"வேணாம்."

"எடை ஏறிகீதா சிஸ்டர்? நெசமா?"

"நெசமா ஏறிகீது."

ஷாரோனின் முகம் மலர்ந்தது. பிள்ளையின் தலையை மார்போடு அணைத்து முத்தம் கொடுத்தாள். கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். அப்புறம், டாக்டரிடம் மாத்திரை விவரம் கேட்கிறவளைப் போல, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்போ உபவாசத்த முடிச்சிக்கலாமா சிஸ்டர்?"

"அத நீ ஆரம்பிச்சே இருக்க வேணாம்மா" என்றாள் அன்பரசி.