பூச்சி தின்னும் கிளி

பழைய வலைக்கூண்டு விற்பனைக்கு என்று போட்டிருந்தேன் அல்லவா? இன்று பக்கத்து ஊர் கிரவீனிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் பார்க்க வந்தார்.

"எதுக்குண்ணா கூண்டு?"

"கிளிக்குத் தம்பி."

வலைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "இதுக்குள்ளால பூச்சி வெளியில போகுமோ?"

கிளி எப்போதிலிருந்து பூச்சி தின்கிறது?

கண்ணாடித் தொட்டி சரிவராதாம், காற்றோட்டம் வேண்டுமாம். ஏறித் திரியக் கிளைகள் வைக்க வேண்டுமாம். தினமும் இலைகளில் தண்ணீர் தெளிப்பாராம்.

இந்த நாட்டில் சட்டப்படி வீட்டில் பச்சோந்தி வளர்க்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் தோன்றியது.

"கிளி என்ன கலர்ண்ணா?"

கொஞ்சம் யோசித்தார்.

"பச்சை. சில நேரம் மண்ணிறம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கூண்டு இன்னும் கராஜில்தான் இருக்கிறது. ஒரே நிறத்தில் கிளி வைத்திருப்பவர்கள் மட்டும் இன்பாக்ஸுக்கு வரவும்.