வெயிலை உள்ளே விடும் துணி

இன்று எங்கள் பிரஸ்ஸில் ஓடியது வெளிநாட்டில் விற்கும் நீச்சலுடைக்கான அட்டைப்பெட்டி. அதைப் போட்டால் துணிக்கு அடியிலும் உடம்பு வெயிலில் கறுக்குமாம்; அங்கே அதைத்தான் விரும்புகிறார்களாம்.

சாயங்கால பஸ்ஸில், பட்டாசுக்கு மருந்து அடைக்கும் செல்வி அக்காவிடம், பெட்டி ஆர்டரோடு வந்த மாதிரித் துணியைக் காட்டி, முழுக்க ஓட்டை என்றேன்.

"ஓட்டையே தெரியலையேப்பா?"

"ஆயிரக்கணக்குல இருக்குக்கா. பூ டிசைன் கண்ணை ஏமாத்திரும். வெயிலு அது வழியா உள்ள போயிரும்."

வேலையில் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டும் துண்டை அக்கா பைக்குள்ளிருந்து எடுத்தார். உட்புறத்தைத் திருப்பினார். வாய் பட்ட இடமெல்லாம் வெள்ளிநிற மருந்துப்பொடி மின்னியது.

"அப்ப இதுவும் அந்தத் துணிதானா?"

நான் மாதிரித் துணியைப் பைக்குள் திணித்தேன்.

"நாளைக்கும் இதைத்தான கட்டணும்" என்று இருமிக்கொண்டே மடித்து வைத்தார்.

எங்கள் பெட்டியில் 'உள்ளே விடும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். அந்தத் துண்டில் அதை யார் அச்சடிப்பது, சொல்லுங்கள்?