மருந்து ரூம் வாயும் விமானத்துக் காதும்

டெல்லியில் விமானம் இறங்கத் தொடங்கியபோதுதான் இடது காதில் முதல் குத்து விழுந்தது. அப்புறம் புருவத்துக்கு மேலே, சைனஸில் (மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள்) ஒரே வலி. மகளைத் தனிக்குடித்தனம் வைக்கப் போன பயணம் அது. காது அடைத்தே கிடக்க, ஊருக்கு ரயிலில் திரும்பினேன்.

மறுவருஷம் மகளுக்கு நிறைமாதம். "எப்ப வேணாலும் வலி எடுக்கலாமாம். நாளன்னிக்கே பிளைட்ல வாம்மா" என்று போனில் அழுதாள். ரயில் என்றால் இரண்டு நாள். எனக்கோ நினைத்தாலே காது வலித்தது.

"வெடிக்குப் பயப்படாத காது விமானத்துக்கா பயப்படுது?" என்றார் வீட்டுக்காரர்.

"வலிச்சது எனக்கு. நீங்க சும்மா இருங்க" என்று கத்திவிட்டேன். ஆனாலும் மறுநாள் விருதுநகர் டாக்டரிடம் அவர்தான் வண்டியில் கூட்டிப்போனார்.

காது மூக்கு தொண்டை டாக்டர், காரியாபட்டிப் பெண். முன்பு காதைக் காட்டிய வேறொரு டாக்டர் சொட்டு மருந்து எழுதியதோடு சரி. இவரோ பேச்சுக் கொடுத்தார்.

"வலிச்சப்ப என்னம்மா செஞ்சீக?"

"வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். எச்சிகூட முழுங்கல."

"ஏன்?"

"மருந்து ரூம்ல அப்படித்தான் இருப்போம்."

எம். புதுப்பட்டியில் பட்டாசுக்கு மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவள் நான். மருந்துத் தூசி உள்ளே போகாமலிருக்க வாயைத் துணியால் கட்டியிருப்போம். வெளியே வந்து கொப்பளிக்கும்வரை எச்சில் விழுங்க மாட்டோம். பயம் வந்தால் இன்றைக்கும் என் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அங்கன அது சரிதாம்மா. விமானத்துல முழுங்கினாத்தான் காது திறக்கும்" என்றார். யூஸ்டேஷியன் குழாய் (நடுக்காதை மூக்கின் பின்பக்கத்தோடு இணைக்கும் சிறு குழாய்) விழுங்கும்போது திறந்து காற்றழுத்தத்தைச் சரிசெய்யுமாம். மூக்கைப் பார்த்துவிட்டு, சளி இல்லை, போகலாம் என்றார். இறங்குவதற்கு முன்னால் அடிக்க மூக்கு ஸ்பிரே தந்தார். "சளி கட்டியிருந்தா எப்பவும் ஏறாதீக. இறங்கும்போது தூங்காதீக. மிட்டாயைச் சப்பி முழுங்கிக்கிட்டே இருங்க."

அடேயப்பா, என்ன கெட்டிக்காரி! என் காதுக்குள் பார்த்ததோடு நில்லாமல் என் பிழைப்பையும் பார்த்தாரே. அவர் நல்லா இருக்கணும்.

விமானம் இறங்கும்போது வாய் மறுபடி பூட்டிக்கொண்டது. மிட்டாய் ஊறி வாயில் நிறைந்த எச்சில் தொண்டைக்குள் இறங்க மறுத்தது. 'இது மருந்து ரூம் இல்லடி' என்று என்னையே திட்டிக்கொண்டு விழுங்கினேன். டப்பென்று காது திறந்தது. வலியே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தாங்கும்படி இருந்தது. டிக்கெட்டை ரத்து செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: முதலில் டாக்டரைப் பாருங்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

போய்ச் சேர்ந்த அன்றே மகளுக்கு வலி எடுத்தது. பேத்தி பிறந்தாள். அவள் பால் குடிக்கையில் இடது காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். மடக், மடக். என் தங்கத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முன்பெல்லாம் பட்டாசு ஆலையில் வேலை முடியும் சங்கு எப்போது ஊதும் என்று நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு நேரம் போனதே தெரியவில்லை. அவள் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் நானும் கூடவே விழுங்கிக்கொண்டிருந்தேன்.