ஓராண்டு தாங்காத மீன் பெட்டி

முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை திருவொற்றியூரிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி, ஊருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்கள் சேரவில்லை, துறையையே மூடப்போகிறார்கள் என்று பேச்சு. அந்தச் சமயத்தில்தான் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவிப்பு வந்தது. ஒரு பொருள் உருவாவதிலிருந்து குப்பைக்குப் போகும்வரை சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு கேடு செய்கிறது என்று கணக்கிட்டு, அந்தக் கேடு குறையும்படி அதை வடிவமைக்கும் ஆராய்ச்சி. உதவித்தொகையும் உண்டு. வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்தேன்.

எந்தப் பொருளை எடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் அக்கா காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துப் பழைய வண்ணாரப்பேட்டையில் தெருவோரம் உட்கார்ந்து விற்கிறாள். என்னைப் படிக்கவைத்தது அந்த மீன்தான். அங்கே எல்லோரும் ஐஸ் போட்டு மீன் வைப்பது தெர்மாகோல் பெட்டியில். சில வாரங்களில் உடைந்துவிடும். உடைந்தவை கடற்கரைக் கருங்கற்களின் இடுக்கில் பொரிபோல மிதக்கும். மற்றவை கொடுங்கையூர் குப்பைமேட்டில் கிடந்து எரியும். அதற்குப் பதிலாக வருஷக்கணக்கில் உழைக்கிற ஒரு பெட்டி செய்ய நினைத்தேன்.

என் வழிகாட்டி, நாங்கள் மேடம் என்று அழைக்கும் பேராசிரியை, ஒரு பிளாஸ்டிக் நிறுவனத்திடம் பேசிச் சம்மதிக்கவைத்தார். பெட்டியை வார்க்கும் அச்சும், அதுமுதல் என் உதவித்தொகையும் அவர்கள் பொறுப்பு. முதலில் வந்த பெட்டிகளை அக்காவுக்கும் அவளோடு விற்பவர்களுக்கும் கொடுத்தேன்.

"இன்னாமே இது, பீரோ கணக்கா கீது?" என்று அக்கா சிரித்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடம், "என் தங்கச்சி செஞ்சது. டாக்டருக்குப் படிச்சிகினு கீது" என்றாள்.

நாங்கள் ஆய்வகத்தில் தூக்கிப் போட்டும் நனைத்தும் பார்த்த பெட்டிதான். ஆனால் ஏலக்கூடத்தில் தள்ளுவண்டிகள் இடித்தன. உட்கார இடமில்லாதவர்கள் அதன்மேல் உட்கார்ந்தார்கள். உப்பில் மூடியின் கீல்கள் அரித்துப்போயின. மழைக்காலம் வருவதற்குள் பாதிப் பெட்டிகளுக்கு மூடி இல்லை. அக்கா மட்டும் நைலான் கயிற்றால் கட்டி வைத்துக்கொண்டு, "நல்லாத்தாம்மே கீது" என்றே சொல்லிவந்தாள்.

ஒருநாள் அவள் இல்லாத நேரத்தில் பக்கத்துக் கடைக்காரம்மா என்னைக் கூப்பிட்டாள். "உங்கக்கா நேத்து சங்கரா மீனு பூரா கொட்டிட்ச்சி. மத்தியானத்துக்குள்ள ஐஸு கரைஞ்சி பூட்து. உன்னாண்ட சொல்லாதன்னு என்னாண்ட சத்தியம் வாங்கிகிச்சி."

அன்றே அக்காவின் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

பிறகு கணக்குப் போட்டேன். எங்கள் பெட்டி செய்யப் பிளாஸ்டிக்கும் மின்சாரமும் நிறைய வேண்டும். சில ஆண்டுகளாவது உழைத்தால்தான், அத்தனை காலமும் தூக்கி எறியும் தெர்மாகோலைவிட அது மேல். எங்கள் பெட்டி ஓராண்டு தாங்கவில்லை. கணக்கை எத்தனை முறை திருப்பிப் போட்டாலும், கேடு அதிகமாகச் செய்தது நான் வடிவமைத்த பெட்டிதான்.

மேடம் என் அறிக்கையைப் படித்து, நிறுவனத்துக்கும் அனுப்பிவிட்டு, என்னைக் கூப்பிட்டார். "பத்து வருஷம் உழைக்கும்னு எடுத்துக்க முடியுமான்னு கம்பெனியில கேக்கறாங்க" என்றார்.

"ஒரு வருஷம்கூட வரல, மேடம்."

"தெரியும்மா. கேட்டதைச் சொன்னேன்."

அவர் வற்புறுத்தவில்லை. மூடியை மாற்றி இன்னொரு முறை செய்து பார்க்கலாம் என்று நிறுவனத்துக்கு எழுதினார். அவர்கள் திட்டத்தையே நிறுத்தினார்கள். அதோடு உதவித்தொகையும் நின்றது. அது இல்லாமல் ஆராய்ச்சியைத் தொடர எனக்கு வசதி இல்லை. வேறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். சில இடங்களில் வயது வரம்பைத் தாண்டியிருந்தேன். வெளிநாட்டில் ஒரு பேராசிரியர் வீடியோவில் நேர்காணல் நடத்தினார். தோல்வியை மறைக்காமல் சொன்னது தனக்குப் பிடித்திருக்கிறது என்றார். கொஞ்ச நாளில் அவருக்கு வர வேண்டிய நிதியே வரவில்லை என்று மின்னஞ்சல் வந்தது. பழைய கல்லூரியில் என் துறை மூடப்பட்டிருந்தது.

அக்காவிடம் சொல்லப் போனபோது அவள் புதுத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீ டாக்டரு ஆவ மாட்டியா?"

"இனிமே முடியாதுக்கா."

"வுடுமே. இன்னா பண்றது" என்றாள். அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இப்போது அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அட்டைப்பெட்டி, பாட்டில், டப்பா செய்யும் நிறுவனங்கள் தங்கள் சரக்கில் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாதது என்ற பச்சை இலை முத்திரை அச்சிட நாங்கள் கணக்குப் போட்டுத் தருகிறோம். நான் படித்த அதே கணக்கு. பொருள் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதை அவர்களே சொல்வார்கள். சொன்ன எண்ணைப் போடுகிறேன். எதையும் கேட்பதில்லை.