மூன்றாம் நம்பர் வேனின் ஆயில் பம்ப்

கார் ஒர்க் ஷாப் தொழிலில் ஒரு வசதி உண்டு: டாக்டரிடம் பொய் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்கூட எங்களிடம் தாராளமாகச் சொல்வார்கள்.

போன திங்கட்கிழமை, விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரத்தில், தெருவில் அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். யாரோ இரும்பைச் சுத்தியலால் பொறுமையாகத் தட்டிக்கொண்டே நடந்து போவது போல. நாலு வயது மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெட் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் பயம் பல்லியிலிருந்து ஆரம்பிக்கும். கணவர் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை செய்கிறார். எந்தக் கடலில் என்று கேட்டால் அவரே யாரிடமாவது கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அவர் ஊரில் இல்லாத எட்டு மாதமும் ஹார்பர் ரோட்டுப் பக்கம் இருக்கும் இந்த ஒர்க் ஷாப்பும், அதன் முதுகில் ஒட்டிய வீடும் என் தலையில். ஷெட்டின் இரட்டைத் தகரக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பாதி வழியில் நின்று ரொம்ப நாளாகிறது. நாலடி தள்ளி ஒரு டிரம் நிறைய ஆயில் நிற்கிறது. தாழ்ப்பாளுக்கு ஒரு சொட்டு விட ஆள் இல்லை. ராத்திரி இரண்டு பழைய டயரை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, தூங்குவதாக நடிப்பது என் வழக்கம்.

கதவிடுக்கில் பார்த்தேன். பேய் இல்லை. என் மகள் போய்வரும் மூன்றாம் நம்பர் ஸ்கூல் வேன், ஓட்டம் முடிந்து வீடு திரும்புகிறது. பேயாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஒர்க் ஷாப்போடு குடித்தனம் செய்யும் சக பாவிகளுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இன்ஜினில் ஆயில் பம்ப் என்று ஒரு சாமான். அடியில் தேங்கிய ஆயிலை உறிஞ்சி மேலே எல்லா இடத்துக்கும் அனுப்பும். வீட்டுத் தண்ணீர் மோட்டார் மாதிரி, ஓடுகிறவரை யாரும் அதை நினைப்பதில்லை. அது போய்விட்டால் இரும்போடு இரும்பு உரசி முதலில் இப்படித் தட்டும். பிறகு ஒருநாள், ஓடுகிற ஓட்டத்திலேயே இன்ஜின் இறுகி நின்றுவிடும். ஹார்பர் ரோட்டில் முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி, நடுவில் பன்னிரண்டு எல்.கே.ஜி. பிள்ளைகள்.

மறுநாள் காலையில் தங்கப்பழம் அண்ணாச்சியிடம் சொன்னேன். வண்டி அவருடையது, ஓட்டுவதும் அவரே. கெட்ட மனுஷர் இல்லை. பன்னிரண்டு பேரின் பெயரும், யாருக்கு எப்போது மூக்கு ஒழுகும் என்பதும் அவருக்கு மனப்பாடம். காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“தட்டத்தான செய்யுது தங்கச்சி, நிக்கலேல்லா?”

டீ கெட்டில்

அண்ணாச்சியை மட்டும் குறை சொல்லக் கூடாது. ஆயில் பம்ப் விஷயத்தில் இந்த ஜில்லா முழுக்க ஒரே குடும்பம்.

பிரஷர் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு படம் எரியும். மூக்கு நீண்ட பாத்திரம், மூக்கு நுனியில் ஒரு சொட்டு. எரிந்த இடத்திலேயே வண்டியை அணைக்க வேண்டும் என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் போட்டிருக்கிறது. நம் மக்கள் அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் பத்திரப்படுத்தியிருப்பார்கள்.

எட்டயபுரம் பக்கமிருந்து ஒரு வங்கி அதிகாரி வந்தார். காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஜாப் கார்டு எழுதுவது என் வேலை. “என்ன கம்ப்ளைண்ட் சார்?” என்றேன். டேஷ்போர்டில் டீ கெட்டில் எரிந்ததாம். டிரைவருக்குக் களைப்பு என்றால் புது மாடல் வண்டிகள் ஓய்வெடுக்கச் சொல்லும் என்று எங்கேயோ படித்திருக்கிறார். சொன்ன பேச்சுக் கேட்டு ரோட்டோரம் நிறுத்தி ஒரு டீ குடித்திருக்கிறார். திரும்ப ஸ்டார்ட் செய்தால் கெட்டில் அப்படியே எரிகிறது. இன்னொரு டீக்கு வயிற்றில் இடமில்லாததால் இன்ஜின் நிற்கிறவரை ஓட்டியிருக்கிறார். எங்கள் மெக்கானிக் இசக்கிமுத்து, கணவரின் தோழர், என்னை மதினி என்று கூப்பிடுகிறவர், தேய்ந்து மொட்டையான பம்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் டீ குடிச்சாச்சு மேடம். அதுக்கப்புறமும் எரிஞ்சா அது கம்பெனிக்காரன் தப்புதானே?”

சோப்பு

உப்பளத்துச் சூப்பர்வைசர் ஒருவருடைய ஜீப். உப்பளப் பாதையில் கல் பட்டு சம்ப், அதாவது அடியில் ஆயில் தேங்கும் தட்டு, விரிசல் விட்டிருக்கிறது. சம்ப் மாற்ற ஒருநாள் வண்டி நிற்க வேண்டுமே! குளிக்கிற சோப்பை ஈரமாக்கி விரிசலில் அழுத்தித் தேய்த்திருக்கிறார். ஒழுகல் நின்றுவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மாதா மாதம் தேய்த்திருக்கிறார். விரிசலோ அகலமாகிக்கொண்டே வர, சோப்பு உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சின்னச் சல்லடை உண்டு. இசக்கிமுத்து அதைக் கழற்றி என் மேஜையில் வைத்தபோது, கண்ணை மூடிக்கொண்டு மோந்தால் யாரோ குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. சல்லடை மொத்தமும் அடைப்பு. உறிஞ்ச ஒன்றும் கிடைக்காமல் பம்ப் வறண்டு சுற்றியே செத்திருக்கிறது. பம்பும் மாற்றணும், சம்பும் மாற்றணும், உள்ளே அழுக்குச் சேர்ந்துவிட்டது என்றேன். மனுஷர் முகம் சுருங்கிப்போனது.

“அழுக்குன்னு சொல்லாதீங்கம்மா. சோப்பு எப்படி அழுக்காகும்?”

ஆம்பளை யாரும் இல்லையா

இது தினமும் ஒரு தடவையாவது நடப்பதால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வருகிறவர் என் தலைக்கு மேலே ஷெட்டுக்குள் பார்ப்பார். ஆம்பளை யாரும் இல்லையா என்பார். நான் விவரம் கேட்பேன். அவர் பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல, பானெட்டைத் திறந்து ஆயில் பம்ப் எது என்று எனக்குக் காட்டுவார். போன வாரம் ஒருவர் காட்டியது வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும் டப்பா. இது பம்ப் இல்லை சார், பம்ப் இன்ஜினுக்குள்ளே இருக்கிறது, மேலேயிருந்து பார்த்தால் தெரியாது என்றேன். இசக்கிமுத்துவைத் தேடிப் போனார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “மதினி என்ன சொல்லுதாங்களோ அதான்” என்றார். வந்தவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை, இரக்கம் இருந்தது.

“கான்வென்ட்ல படிச்ச பிள்ள மாதிரி இருக்கியே தாயி, வீட்டுல என்ன கஷ்டம்?”

முயல் டப்பா

புது பம்பை மாட்டிய கையோடு சாவி போட்டுவிடக் கூடாது. உள்ளே காற்று நின்றால் பம்ப் வெறுமனே சுற்றும். ஆயில் ஏறுவதற்குள் இன்ஜின் காய்ந்துபோகும். அதனால் மாட்டும் முன்பே பம்புக்குள் வாசலினை அப்பி அடைப்போம். முதல் சுற்றிலேயே ஆயிலைப் பிடித்துக்கொள்ளும். வாசலின் பிறகு ஆயிலோடு கரைந்துவிடும்.

குலசேகரன்பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியின் காருக்கு இந்த வேலை நடந்தது. எங்கள் டப்பா காலி. நான் வீட்டுக்குள் ஓடி மகளுக்குப் பூசும் வாசலினை எடுத்து வந்தேன். மூடியில் முயல் படம். அண்ணாச்சி காலையிலிருந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சிசேரியனுக்கு வெளியே நிற்கிற அப்பா மாதிரி ஒவ்வொரு போல்ட்டையும் கண்காணித்துக்கொண்டிருந்தார். இசக்கிமுத்து இரண்டு விரலால் வாசலினை அள்ளி அப்புவதைப் பார்த்தார். முயலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வாசலின் ஆச்சு. பவுடரும் போட்டு, கன்னத்துல திருஷ்டிப் பொட்டும் வச்சுத்தான் விடுவியளோ?”

மாதா படம்

இதெல்லாம் சிரிக்க. ஆனால் இந்த வாரம் முழுவதும் சாயந்தரம் ஏழு மணிக்கு டொக் டொக் தெருவைக் கடந்துகொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வேகமாக.

புதன்கிழமை வேனுக்குள் தலையை விட்டு, “சிவப்பு விளக்கு எரியுதா அண்ணாச்சி?” என்றேன். விளக்கே இல்லை என்றார். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாதா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பழக்க தோஷத்தில் முதலில் சிலுவை போட்டுக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன், மாதாவின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் நிஜமாகவே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. “அவ பாத்துக்கிடுவா” என்றார் அண்ணாச்சி. அவள் காட்டுகிற சிவப்பைத்தான் நீங்கள் பார்க்கவில்லையே என்று சொல்ல நினைத்தேன். தைரியம் வரவில்லை. “மூணு நாள் வண்டிய நிறுத்துனா வேற வண்டிக்காரன் பிள்ளையளக் கூட்டிட்டுப் போயிருவான் தங்கச்சி” என்று அவரே மெதுவாகச் சொன்னார். அதுதான் நிஜம்.

என் பிள்ளையை வேனிலிருந்து நிறுத்திவிட்டேன். மற்ற பதினொன்று? சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்.கே.ஜி.யை அதே வேனில் மணப்பாடு கடற்கரைக்கு டூர் கூட்டிப் போகிறார்கள். மெயின் ரோட்டில், முழு வேகத்தில். அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று பேர் கைகூப்பினார்கள். ஒருத்தர் டூருக்கு எந்தக் கலர் தொப்பி என்று கேட்டார். ஒருத்தி அக்கறையாகப் போனே போட்டுவிட்டாள்.

“உங்களுக்குக் கரப்பான்னாலும் பயம், கடல்னாலும் பயம். இதுல வேன் எத்தனாவது நம்பர் பயம்?”

ஒரு லிட்டர் ஆயில்

வேன் மாடலுக்குரிய பம்பை வியாழக்கிழமையே வாங்கி என் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஏன் வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, அதாவது இன்று, ஏழு மணிக்கு டொக் டொக் தெருவைக் கடக்கவில்லை. எங்கள் வாசலில் நின்றது. அண்ணாச்சி தலையை நீட்டி, “தங்கச்சி, ஒரு லிட்டர் ஆயில் ஊத்தி விடு. நாளைக்குத் தூரம் போகணும்லா” என்றார். ஆயில் குறைவதால்தான் தட்டுகிறது என்பது அவர் முடிவு. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். “உள்ள விடுங்க அண்ணாச்சி. சூடு ஆறணும். போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்றேன். டீயின் மகிமையை வங்கி அதிகாரியிடம் கற்றிருந்தேன்.

அவர் தெரு முனை திரும்பியதும் இசக்கிமுத்துவிடம், “தம்பி, கழட்டுங்க” என்றேன். அவர் அசையவில்லை.

“மதினி, அவருகிட்டக் கேக்காமக் கழட்டினா நாளைக்கு ஸ்டேஷன்லதான் நிக்கணும்.”

“நானே நிக்கேன்.”

“அண்ணன் கப்பல்லேர்ந்து கேட்டா?”

தரையில் சாக்கை விரித்து, வேனுக்கு அடியில் நானே நுழைந்தேன். வாழ்க்கையில் முதல்முறை ஸ்பானர் பிடிக்கிறேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திருப்பியதில் சம்ப்பின் அடி நட்டு கழன்றது. கறுப்பு ஆயில் முழங்கை வரை வழிந்தது. ஷெட் விளக்கில் அதற்குள் இரும்புத் தூள் ஜிகினா மாதிரி மினுங்கியது. இசக்கிமுத்து குனிந்து அதை விரலில் தொட்டுப் பார்த்தார். அதன்பிறகு ஸ்டேஷனைப் பற்றிப் பேசவில்லை. “நாளைக்குப் பாதி வழி தாண்டாது மதினி. தள்ளுங்க, நான் பாத்துக்கிடுதேன். பம்புதான் கைல இருக்கே, விடியமுன்ன முடிச்சிரலாம்” என்று முன் சீட்டைத் தூக்கி, அதற்கடியில் இருக்கும் இன்ஜினைத் திறந்தார்.

தெருவில் செருப்புச் சத்தம். நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, டிரம்மிலிருந்து ஒரு கை ஆயில் பிடித்துத் தாழ்ப்பாளின் மேல் ஊற்றி, உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன்.

வெளியே தகரம் அதிர்ந்தது. அண்ணாச்சி இதுவரை என்னைத் தங்கச்சி தவிர வேறு வார்த்தையில் கூப்பிட்டதில்லை.

“ஏளா, கதவத் தெறளா! காலைல ஏழு மணிக்குப் பிள்ளையளுக்கு வண்டி வேணும்ளா!”

இப்போது மணி பதினொன்று. மகள் தூங்குகிறாள், அவளுடைய முயல் டப்பா இன்ஜினுக்கு அடியில் இருக்கிறது, அண்ணாச்சி வாசல் கல்லில் உட்கார்ந்து என் குடும்பத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார், யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று எட்டு மாதம் நான் தள்ளியும் அசையாத தாழ்ப்பாளோ, ஒரு வேன் வெளியே போய்விடக் கூடாது என்றதும் ஒரு கை ஆயிலில் முழுசாகப் போய் விழுந்துவிட்டது.