போனாரியா அண்ணி நம்பாத சீட்டு

என் அண்ணி போனாரியா யாரையும் நம்பமாட்டாள். பால் வண்டிக்காரன் அளந்து எழுதியதை அவன் கண்ணெதிரிலேயே மறுபடி அளப்பாள். பாதிரியார் பூசையைச் சீக்கிரம் முடித்துவிட்டால் இன்று யார் வீட்டில் விருந்து என்று விசாரிப்பாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்ட என்மேலும் அவளுக்கு எப்போதும் ஒரு கண். எனக்கு அவளைப் பிடிக்காது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அண்ணன் பாக்கிஸியோவுக்கு முந்நூறு ஆடுகள். பதினாறு வயதிலேயே அவனுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. தின்று கொழுத்து வருகிற சர்க்கரை இல்லை. உடம்பு தன் கணையத்தையே பகையாளியென்று நினைத்து அழித்துவிடுகிற வகை. தினம் நாலு ஊசி. இத்தாலியைச் சேர்ந்த எங்கள் சார்டினியாத் தீவில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார்கள். நம் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்களுக்குப் புதிதல்ல. மோதிரம் வாங்குவதற்கு முன்னால் பெண்ணும் பிள்ளையும் தலசீமியா என்கிற பரம்பரை ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுத்துவிடுவார்கள். இருவரிடமும் அந்த மரபுக் கூறு இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். ஒருவரிடம் மட்டும் என்றால் பயமில்லை. இந்தக் கணக்கு இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சீட்டில் 'இல்லை' என்று வந்துவிட்டால் இல்லைதான்.

அதனால் அண்ணன் மகள் கவினா பிறந்து, சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்காரர்கள் தொப்புள்கொடி ரத்தத்தைக் கொண்டுபோய், 'சர்க்கரைக்கு அதிக ஆபத்தான மரபுக் கூறுகள் காணப்படவில்லை' என்று சீட்டு அனுப்பியதும் அண்ணன் ஓர் ஆட்டையே அறுத்துவிட்டான். எல்லாரும் குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி மட்டும் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அதென்ன 'அதிக' ஆபத்து? அப்ப கொஞ்சம் ஆபத்து இருக்கா? ஏன் அதை எழுதல?"

"பெத்த பிள்ளைய விட்டுட்டு எழுத்தைப் பாக்குறா பாரு" என்று நான்தான் முதலில் சிரித்தேன்.

ஏழு வருஷம் போயிற்று. போன ஆண்டு மே மாதக் கடைசியில் ஒரு காலை, கவினா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படுக்கையை நனைத்திருந்தாள்.

"அத்தை, அம்மாகிட்ட சொல்லிடாதே. ஏன், எதுக்குன்னு கேட்டுக் கொன்னுடுவா."

பாவமாக இருந்தது. விரிப்பை ரகசியமாகத் துவைத்துப் போட்டேன். மறுநாளும், அதற்கடுத்த நாளும். மூன்று வாரம் இப்படியே ஓடியது. ஏதோ கெட்ட கனவு, சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் சீட்டுதான் சுத்தமான சீட்டாயிற்றே!

ஜூனில் ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும் நாள். ஊரே எங்கள் பட்டியில் உதவிக்கு நின்றது. கத்தரிப்பவர்களுக்கு வைத்திருந்த தண்ணீர்க் குடம் பதினோரு மணிக்கே காலி.

"யாரு குடிச்சா?" அண்ணி இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஆம்பளைங்க எல்லாம் ஒயினைத்தான் தொட்டிருக்காங்க."

"தண்ணிக்குமா கணக்கு, அண்ணி?"

அவள் வேலியோரம் குவளையோடு உட்கார்ந்திருந்த கவினாவையே பார்த்தாள். பிள்ளையின் தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. நான் தினம் பார்த்த எலும்பு, எனக்குப் புலப்படவில்லை. அண்ணி நேரே போய் அண்ணன் பையிலிருந்து சர்க்கரை பார்க்க விரல் குத்தும் கருவியை எடுத்தாள்.

"உனக்குப் பைத்தியமா?" அண்ணன் கத்தரிக்கோலோடு கத்தினான். "சீட்டு வாங்கின பிள்ளைடி அது! நல்ல நாளும் அதுவுமா!"

"சீட்டை நீ நம்பு. நான் விரலை நம்புறேன்."

கருவி நானூற்று அறுபது காட்டியது.

"தேன் பலகாரம் தின்னா, விரல்ல ஒட்டியிருக்கும்" என்றேன். அண்ணி பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலைக் குத்தினாள். நானூற்று நாற்பத்தெட்டு. அந்த எண்ணின் அர்த்தம் அண்ணனுக்குத் தெரியும். கட்டிப்போட்ட ஆட்டை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

நூவோரோ நகர ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். "இது தலசீமியாச் சீட்டு மாதிரி இல்லீங்க. வர்ற வாய்ப்பு எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும். சீட்டு நல்லா இருந்த பிள்ளைங்களுக்கும் வருது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மயக்கத்துலதான் தூக்கிட்டு வந்திருப்பீங்க. எத்தனை நாளா படுக்கையில ஒண்ணுக்குப் போறா?"

"போனதே இல்லையே" என்றான் அண்ணன்.

டாக்டரம்மா நிமிர்ந்து எங்கள் மூவரையும் பார்த்தாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணி என் முடியைப் பிடித்து இழுத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் கண்ணாடிக்கு அப்பால், ஊசிக் குழாயோடு தூங்கும் கவினாவைப் பார்த்தபடியே பேசினாள்.

"மூணு வாரமா சோப்பு குறையுறதைப் பாத்தேன், மிந்தோனியா. நீ எடுத்து வெளியில விக்கிறேன்னு நெனச்சேன். கேக்கத்தான் வந்தேன். பாவம், எங்கள விட்டா உனக்கு யாரு, போகட்டும்னு திரும்பிட்டேன்."

பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என் ஆயுசுல ஒரே ஒரு தடவை கேக்காம விட்டேன்டி."